முப்பத்தைந்து காசு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்பவர்களை நான் மறுப்பதில்லை. மறுக்கப் போனால் அதற்கும் ஒரு கோபம் வந்து தொலைக்கும். ஆனால் ஒன்று, நான் ‘சுமாராக இவ்வளவு’ என்று எதையும் சொல்கிறவள் இல்லை. இருபத்து மூன்று வருடமாக மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்யும் தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுகிறேன். ஒரு காசு உதைத்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

எல்லாரும் என்னைச் சம்பளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த வாசல் காவலாளிகூட அப்படித்தான். கூப்பிடுவதோடு சரி. சாப்பாட்டுக்கூடத்தில் என் மேசைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். காரணம் தெரியாமல் முதல் இரண்டு வருடம் நானும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, இங்கே இருக்கிற நானூற்றுப் பத்துப் பேருடைய சம்பளமும் எனக்குத் தெரியும். ஒருவன் புது வண்டி வாங்கியதைப் பற்றி அளந்துகொண்டிருப்பான், என் தலையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவான். ஒருத்தி கையில் காலணா இல்லை என்று அழுதுகொண்டிருப்பாள், நான் உட்கார்ந்ததும் வானிலையைப் பற்றிப் பேசுவாள். நான் வாயே திறந்ததில்லை. இத்தனை வருடத்தில் ஒருவர் சம்பளத்தை இன்னொருவரிடம் சொன்னதில்லை. அதைச் சொல்லி யாரிடம் நியாயம் கேட்பது?

வீட்டிலும் பேச ஆளில்லை. சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை. கல்யாணம் ஆனது, நாலு வருடம் ஓடியது, நின்றுவிட்டது. தம்பி இதே ஊரில்தான் இருக்கிறான், என் பிறந்தநாளுக்குப் போன் செய்து, “எப்படிக்கா இருக்க, சரி வச்சிடறேன்” என்பான். சலவை இயந்திரம் ஓடும்போது தரை லேசாக அதிரும். அந்த அதிர்வு நின்றுவிட்டால்தான் வீட்டில் நான் ஒருத்தி மட்டும் இருப்பது உறைக்கும்.

இந்த நிலைமையில்தான் கீறல் வந்தாள்.

அது அவள் பேர் இல்லை. கடல்தாண்டி, எங்கள் கம்பெனியின் தாய் நிறுவனத்திலிருந்து மூன்று வருடத்துக்கு அனுப்பப்பட்ட பரிசோதகி அவள். முப்பத்து நாலு வயது. ஒவ்வொரு வில்லையாக விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, கோடு தெரிந்தால் “கீறல்!” என்று சத்தம் போட்டு ஓரத்தில் வைப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்தச் சத்தம் கேட்கும். ஒரு வாரத்தில் அவளுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு யார் என்ன என்று தெரியாததால் முதல் நாளே என் மேசையில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“உடம்பு சரியில்லையா?” என்றேன்.

“கண்ணுக்கு ஓய்வு குடுக்கணும் அக்கா. இல்லன்னா சாயங்காலம் எல்லா வில்லையிலயும் கோடு தெரியும். நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கிட்டே சாப்பிடறேன்.”

நீங்கள் பேசுங்கள் என்று என்னிடம் ஒருவர் சொல்லி எத்தனை வருடமாயிற்று! என்ன பேசுவது என்று தெரியாமல், “முட்டை வலது பக்கம் இருக்கு, பழம் இடது பக்கம்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு வருடம், விடுமுறை நாள் தவிர, நான் பேச அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். சலவைக்கடைக்காரர் சண்டை, தம்பியின் போன், பஸ்ஸில் காலை மிதித்தவன், எல்லாவற்றையும் கொட்டினேன். அவளும் அவள் ஆசையைச் சொன்னாள். மூன்று வருடத்தை முடித்துப் போனால் அங்கே பரிசோதனைப் பிரிவுக்கே மேற்பார்வையாளராகப் போடுவார்கள். நடுவில் போனால் பழையபடி கடைசி வரிசை விளக்கு.

“இன்னும் பதினோரு மாசம் அக்கா. அதுக்கப்புறம் நான் யாருக்கும் கீறல் காட்ட வேண்டாம், எனக்குத்தான் கொண்டுவந்து காட்டுவாங்க” என்பாள். அவள் போய்விடுவாளே என்று அப்போதே விரல் விட்டு எண்ணிப் பார்ப்பேன். பதினோரு மாதம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

அப்போதுதான் நாடே அந்தச் சந்தா விவகாரத்தில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவர் சம்பளத்திலும் சமூகப் பாதுகாப்புச் சந்தா பிடிப்போம். தொழிலாளி ஒரு பங்கு, கம்பெனி ஒரு பங்கு. நோயில் படுத்தால், வேலை போனால், வயதாகிவிட்டால் அதிலிருந்துதான் பணம் வரும். இரண்டு நாடுகளுக்கும் நடுவே போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், அங்கிருந்து தற்காலிகமாக வருகிறவர்களுக்கு மூன்று வருடத்துக்கு இந்தச் சந்தா கிடையாது என்று ஒரு விலக்கு. அவர்கள் சொந்த நாட்டில் கட்டுகிறார்களே, இரண்டு இடத்தில் எதற்குக் கட்டுவது என்பது அமைச்சரின் வாதம். வெளியாள் மலிவாகக் கிடைத்தால் உள்ளூர்க்காரனை யார் வேலைக்கு வைப்பான் என்பது தொழிற்சங்கத்தின் வாதம். சாப்பாட்டுக்கூடத்துத் தொலைக்காட்சியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து இதையே கத்தினார்கள். கத்தல் கூடக் கூட, கீறலிடம் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். கிடங்கில் சரக்குத் தூக்கு வண்டி ஓட்டுகிறவர் ஒரு நாள் அவள் காதுபடவே, “சந்தா கட்டாதவங்களுக்கு இங்க ஒரு சாப்பாட்டு மேசை வேற” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! “உங்க வண்டி போன மாசம் சுவத்துல இடிச்சதுக்குக் கட்டினீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கீறல் கண்ணைத் திறக்காமலேயே, “ஏன் அக்கா, விடுங்களேன்” என்றாள்.

விடுகிற ஜாதகமா எனக்கு? அதற்கு முந்தைய மாதம்தான் அவளுக்குக் கண்ணில் தொற்று வந்து பத்து நாள் அறையில் கிடந்தாள். இங்கே கேட்டால், சந்தா கட்டவில்லை, நோய்க்காலப் பணம் இல்லை என்றார்கள். அங்கே கேட்டால், நேரில் வந்து எங்கள் மருத்துவரிடம் காட்டு என்றார்கள். பத்து நாள் சம்பளத்தை என் கையாலேயே வெட்டினேன். அவளுடைய பங்காகப் பிடிக்காமல் விட்ட தொகையும் அவள் கைக்குப் போகவில்லை. சந்தா இல்லை என்பதையே சாக்காக வைத்து, அந்த அளவுக்குச் சம்பளத்தைக் குறைத்துத்தான் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஆக, இரண்டு பங்கும் கம்பெனிக்கு லாபம். இதைத் தொலைக்காட்சியில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தது சம்பளப் பட்டியல் போடுகிறவளுக்குத்தான்.

நாடாளுமன்றக் குழு ஒன்று பொதுமக்கள் கருத்துக் கேட்க எங்கள் ஊர் நூலகத்துக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை காலை. ஆளுக்கு மூன்று நிமிடம். சங்கச் செயலாளர் என் மேசைக்கே வந்து, “நீங்க பேசினா எடுபடும் சம்பளக்கா” என்றார். இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னைத் தேடி வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“நீயும் வா. நீ பின்னால உக்காந்திருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்” என்று கீறலைக் கூப்பிட்டேன்.

“நான் வரலாமா? அங்க எங்களைப் பத்தித்தானே பேசுறாங்க.”

“உன்னைப் பத்தி இல்லடி. சட்டத்தைப் பத்தி.”

வந்தாள். கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்து வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. மதிய நேரத்தில் அவளிடம் பேசுகிற மாதிரியே பேசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் ‘கோடிக்கணக்கில்’, ‘ஏராளமான’, ‘கிட்டத்தட்ட’ என்றே பேசினார்கள். குழுத் தலைவர் கொட்டாவி விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் முறை வந்ததும் எழுந்தேன்.

“ஐயா, கிட்டத்தட்ட எல்லாம் வேண்டாம். நான் சரியாவே சொல்றேன். என் பட்டியல்ல ஒரு தொழிலாளி. இந்த விலக்கால அந்த ஒருத்தர் பேர்ல ரெண்டு பங்கும் சேர்த்து கம்பெனிக்கு மாசம் ஆயிரத்து நானூத்தி எழுபத்தாறு, முப்பத்தஞ்சு காசு மிச்சம். அவங்க பத்து நாள் நோயில கிடந்தப்ப ஒரு காசு கிடைக்கல. இது தொழிலாளிக்குக் குடுத்த விலக்கு இல்ல. கம்பெனிக்குக் குடுத்தது. தொழிலாளியையும் சேர்த்துக்குங்க, சந்தாவும் வாங்குங்க, உரிமையும் குடுங்க.”

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். நான் பின்வரிசையைப் பார்த்தேன். கீறலின் கண் திறந்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சன்னலோரமாக உட்கார்ந்தாள். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“எப்படி? வாயடைச்சுப் போயிட்டாங்கல்ல?”

“நல்லாத்தான் பேசினீங்க அக்கா.” சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “காசு வரைக்கும் சொல்லிட்டீங்களே.”

“பின்ன? சுமாராவா சொல்லுவேன்?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன். அப்படிப்பட்ட மரமண்டை நான்.

ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் முதல் பக்கத்தில் அந்த எண் வந்தது. முப்பத்தைந்து காசோடு. என் பேரைப் போடவில்லை, ‘சம்பளப் பிரிவு ஊழியர்’ என்று போட்டிருந்தார்கள். தம்பிகூட போன் செய்து, “அது நீதானக்கா?” என்றான். பிறந்தநாள் இல்லாத நாளில் அவன் செய்த ஒரே போன் அது. நான் பூரித்துப்போனேன்.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் நுழைந்தபோது தூக்கு வண்டிக்காரர் கைபேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சந்தா நூற்றுக்கு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். சந்தாத் தொகையும் தெரிந்துவிட்டால் சம்பளத்தைக் கண்டுபிடிக்க என்ன பெரிய வித்தை வேண்டும்? காசு வரைக்கும் சுத்தமாகச் சொல்லியிருந்ததால் சம்பளமும் சுத்தமாக வந்து விழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆறு பேரில் பரிசோதனைப் பிரிவின் சம்பளத் தரத்தில் இருந்தவள் ஒருத்திதான். போதாததற்குப் பத்து நாள் நோய் என்று வேறு அடையாளம் சொல்லியிருந்தேன்.

“இவ்வளவு வாங்குறாளா?” என்று ஒரு மேசையில் கேட்டது. “இவ்வளவுதானா?” என்று இன்னொரு மேசையில் கேட்டது. இரண்டும் என் மேசையில் உட்கார்ந்திருந்த கீறலின் காதில் விழுந்தன.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்து மூன்று வருடம் கட்டிக் காத்த ஒரே ஒரு விஷயம், ஒருவர் சம்பளத்தை இன்னொருவருக்குச் சொல்லாதது. அதை நாட்டுக்கே சொல்லிவிட்டேன். அதுவும் யாருடையதை! தட்டோடு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நான் தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மேலாளர் கூப்பிட்டார். மேசை மேல் செய்தித்தாள்.

“நான் யார் பேரையும் சொல்லல” என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

“பேரைச் சொல்லியிருந்தாக்கூட யாராவது கட்டுக்கதைன்னு நினைச்சிருப்பாங்க. நீங்க காசோட சொல்லிட்டீங்க.” அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பொதுக் கூட்டத்துல பேசினதுக்காக உங்க மேல ஒண்ணும் செய்ய முடியாது, சட்டம் அப்படி. சங்கமும் விடாது. தலைமை அலுவலகத்துல ஒரு முடிவு எடுத்திருக்காங்க. பரபரப்பு அடங்கற வரைக்கும் அந்தப் பொண்ணு இங்க வேண்டாம். மாசக் கடைசியில திரும்பப் போறா.”

“அவ என்ன செஞ்சா? பேசினது நான்!”

“அது எல்லாருக்கும் தெரியும்.”

“மூணு வருஷம் முடிக்கலன்னா அவளுக்கு அந்தப் பதவி கிடைக்காது. இன்னும் ஒம்பது மாசம்தான்.” என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. “நான் சொன்ன எண்ணு தப்புன்னு எழுதிக் குடுக்கறேன். கூட்டிக் கழிக்கறப்ப தப்பு விட்டுட்டேன்னு எழுதறேன். பேப்பர்லயும் போடச் சொல்லுங்க.”

அவர் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தார். இரக்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

“இருபத்து மூணு வருஷத்துல உங்க பட்டியல்ல ஒரு காசு தப்பு வந்ததில்ல சம்பளக்கா. இப்ப வந்துச்சுன்னா யாரு நம்புவா?”

அவளுடைய கடைசி நாளில் வேலை கொடுக்கவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தாள். எதிரில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். இரண்டு வருடத்தில் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட்டதே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“கண்ணை மூடிக்கலியா?”

“இன்னைக்கு ஒரு வில்லைகூடப் பாக்கலியே அக்கா. வலிக்கல.”

“உனக்காகத்தான் பேசினேன்.” எத்தனையோ நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இவ்வளவுதான் வந்தது.

“தெரியும்.” பழத்தை உரித்து ஒரு பாதியை என் பக்கம் நகர்த்தினாள். “நீங்க சொன்னது அத்தனையும் நெசம். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா. ரெண்டு வருஷமா இங்கயே, எதிர்லதானே உக்காந்திருந்தேன்.”

கேட்டிருக்கலாம். கேட்கவே தோன்றவில்லை. அத்தனை நாளும் நான் பேசினேன், அவள் கேட்டாள். நான் அவளிடம் எதையாவது கேட்டிருக்கிறேனா என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் உடம்பு சரியில்லையா என்று கேட்டது ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக்கூடம் என்றும் பார்க்காமல் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை இருந்துவிட்டு, எழுந்து போனாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன் என்றாள். ஒரு தடவை செய்தாள். பழைய விளக்கு, பழைய வரிசை என்றாள். பின்னால் சத்தமாக இருந்தது, வைத்துவிட்டோம்.

நாலு மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. எல்லாத் தரப்பையும் கேட்டோம், ஒப்பந்தத்தை இப்போது தொட வேண்டாம், விலக்கு தொடரட்டும் என்று எழுதியிருந்தார்கள். என் பேச்சு அறுபத்து இரண்டாம் பக்கத்தில் இரண்டு வரியாக இருந்தது. அதில் ‘சுமார் ஆயிரத்து ஐந்நூறு’ என்று போட்டிருந்தார்கள். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். இதை நானே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

தொலைக்காட்சியில் வேறு விஷயத்துக்குக் கத்த ஆரம்பித்தார்கள். பரபரப்பு அடங்கிவிட்டது. போன வாரம் தாய் நிறுவனத்திலிருந்து புதுப் பரிசோதகி ஒருத்தி வந்தாள். அதே விளக்கு, அதே தரம், அதே மூன்று வருட விலக்கு. அவள் பேரைப் பட்டியலில் ஏற்றி, சந்தாக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கம்பெனிக்கு மிச்சம் என்கிற கட்டத்தில் எண் தானாக வந்து நின்றது. ஆயிரத்து நானூற்று எழுபத்தாறு, முப்பத்தைந்து காசு. நாட்டில் ஒன்றும் மாறவில்லை. ஒருத்தியை ஊருக்கு அனுப்பினேன், அவ்வளவுதான் நான் செய்தது.

இன்று மதியம் அந்தப் பெண் தட்டோடு என் மேசைக்கு வந்தாள். யார் என்ன என்று அவளுக்கும் இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. காலையிலிருந்து விளக்கைப் பார்த்த கண் சிவந்து கிடந்தது.

“இங்க உக்காரலாமா அக்கா?”

உட்காரச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று யாரிடம் சொல்வது! நாலு மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சு தொண்டை வரைக்கும் இருந்தது. அந்தப் பேச்சை நினைத்துத்தான் பயந்தேன்.

“இங்க ஆள் இருக்காங்கம்மா” என்றேன்.

அவள் காலியாக இருந்த எதிர் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சரிக்கா” என்று சொல்லிவிட்டு மூன்று மேசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அங்கே இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நான் முட்டையை உரித்தேன்.